திரும்பக் கூப்பிட முடியாதவை

மார்ச் 4

துவைத்த துணி நாற்காலியில் குவிந்து கிடக்கிறது. மடிக்க மனமில்லை. இன்று பார்த்ததை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

புதிதாகப் பொரித்த கொசுப்புழுக்களைத் தட்டில் ஊற்றி, விளக்கைப் பிடித்தேன். நாங்கள் செருகிய மரபணு இருக்கிற புழு அந்த விளக்கில் சிவப்பாக ஒளிரும். இல்லாதது இருட்டாகவே கிடக்கும். இயற்கையின் வழக்கப்படி பாதிக்குப் பாதிதான் ஒளிர வேண்டும். தட்டு முழுக்கச் சிவப்பு! தணல் துண்டுகள் உயிர்பெற்று நீந்துவது போல. ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் இருட்டு.

ஜீன் டிரைவ் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பிள்ளைக்குப் போகுமா போகாதா என்ற சீட்டுக்குலுக்கலே இல்லாமல், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிற மரபணு. பேசுவது வேறு, பார்ப்பது வேறு. 

நாத்தனார் வேலை முடிந்து வந்தாள். காய்ச்சல் வார்டில் நர்ஸ். கொசு கடித்துக் காய்ச்சலில் வருகிற பிள்ளைகளைப் பார்ப்பவள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "அண்ணி, உங்க கொசுவ எப்பதான் வெளிய விடுவீங்க?" வெளியே விடாமல் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பாதுகாப்பு அதிகாரி. அதைச் சொன்னால் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. வார்டில் யாரோ போயிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்ச் 9

இன்றும் சிவப்பு. அந்த ஒற்றை இருட்டும் இல்லை.

மார்ச் 22

ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை. ஏரிக்கு அந்தக் கரை வேறு நாடு. அங்கிருந்தும் ஓர் அதிகாரி வந்திருந்தார், குள்ளமான, நிதானமான மனிதர். "உங்க கொசு பாஸ்போர்ட் வாங்கிட்டா எங்க பக்கம் வரப்போகுது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றுபோனது. தப்பாகிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியுமா?

எங்கள் தலைமை ஆய்வாளர், நாத்தனார் வைத்த பெயரில் கொசு மாமா, மழுப்பவில்லை. "முடியாது" என்றார். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. பயமும் வந்தது.

ஒரு நிபந்தனை போட்டார்கள். வெளிச்சுவர், நடுக்கதவு, உள்வலை என்று மூன்று தடுப்பு. அதில் இரண்டு போனால் வளர்ப்புக் கொசு முழுவதையும் அழிக்க வேண்டும். முடிவெடுப்பது நான்.

ஏப்ரல் 17

போன வருஷமே தனியாகத் தொடங்கிய சோதனைக் கூண்டு அடங்கிவிட்டது.

இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணு வாங்கிய பெண் கொசுவால் கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. தலைமுறைக்குத் தலைமுறை அப்படிப்பட்டவையே பெருகின. கடைசியில் முட்டையே இல்லை. ஒரு காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தாலே காதில் ரீங்காரம் ஏறும். இன்று வலையில் காதை ஒட்டி வைத்தேன். ஒன்றுமில்லை.

மருந்து தெளிக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை. நூலிழையிலும் சன்னமான ஏதோ ஒன்றில் ஒரு துண்டைச் செருகினோம், ஒரு கூட்டமே இல்லாமல் போய்விட்டது. கொசு மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு அதிகாரத்த யாரு நம்ம கையில குடுத்தா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, பொதுவாக.

மே 6

மத்தியானம் புயல். வெளியே நின்ற மரம் வளர்ப்பு அறையின் சுவர்மேல் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரில் வானம் தெரிகிறது. நடுக்கதவு சட்டத்தோடு பெயர்ந்து கிடக்கிறது. உள்வலை மட்டும் நிற்கிறது.

"உள்வலைல ஒரு கிழிசல் இல்லம்மா. நானே தடவிப் பாத்தேன்" என்றார் கொசு மாமா. சட்டையெல்லாம் ஈரம்.

"ஒண்ணுகூட வெளிய போகலன்னு சொல்ல முடியுமா சார்?"

 தலையை ஆட்டினார், முடியாதென்று.

அழிக்கச் சொன்னேன். புழுத் தட்டுகளில் கொதிநீர். கூண்டுகள் குளிர்பெட்டிக்கு. ஆய்வகப் பையன்களைத் தொட விடாமல் கடைசிக் கூண்டைக் கொசு மாமாவே தூக்கிவந்தார், தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல. கதவை நான் மூடினேன்.

வீட்டில் சொன்னேன். நாத்தனார், "மறுபடி பண்ண எவ்வளவு நாளாகும்?" என்றாள். வருஷக்கணக்கில் என்றேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

அவ வார்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? சரியாத்தான் பண்ணேனா? வலை நல்லாத்தானே இருந்துச்சு —

மே 7

அவள் விடியுமுன்பே சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பினாள். நானும்.

மே 20

வளாகத்தைச் சுற்றி, ஏரிக்கரை நெடுக, பொறி வைத்திருக்கிறோம். தேங்கிய தண்ணீரையெல்லாம் அள்ளி வந்து ஒவ்வொரு புழுவாக விளக்கில் பார்க்கிறேன். முன்பு சிவப்பைக் கண்டால் பூரித்தவள், இப்போது சிவந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். ஒன்று போதும். இந்த ஏரி, அதைத் தாண்டி அந்த நாடு, அதற்கும் அப்பால்.

இதுவரை இருட்டு.

ஜூன் 3

விடுமுறை நாளில் நாத்தனார் தானாகவே ஆய்வகத்துக்கு வந்தாள். லென்ஸ் வழியாக, ஏரிக்கரையில் அள்ளிய சாதாரணக் கொசுப்புழு ஒன்றைக் காட்டினேன். தலைகீழாகச் சுழன்று, மீசை போன்ற தூரிகையால் தண்ணீரை வாரி வாரித் தின்றுகொண்டிருந்தது. அவள் வெகுநேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதுவா அண்ணி அத்தனையும் பண்ணுது? அழகா வேற இருக்கே."

பிறகு மெதுவாகக் கேட்டாள். இதை ஒழித்துவிட்டால் இதைத் தின்கிற மீன் என்ன செய்யும்? அதையும்தான் படித்துக்கொண்டிருக்கிறோம், முழுசாகத் தெரியாது என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "தெரியாதுன்னா தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் விடுங்க. ஆனா சீக்கிரம் தெரிஞ்சுக்கோங்க" என்றாள். போகும்போது என் தோளில் கை வைத்தாள்.

ஆகஸ்ட் 11

கடைசிப் பொறியும் பார்த்தாகிவிட்டது. எங்கும் சிவப்பில்லை. எதுவும் தப்பவில்லை என்று ஆணையத்துக்குத் தெரிவித்தோம். அப்படியென்றால் அன்று கொன்றது வீணா? அன்று தெரியாதே.

கொசு மாமா புது வேலையை ஆரம்பித்திருக்கிறார். சில தலைமுறை பரவி, பிறகு தானே தேய்ந்து மறைகிற வகை. முதல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு படகேறி எதிர்க்கரைக்குப் போனார். அனுமதி கேட்க அல்ல, காட்ட.

பிப்ரவரி 19

புது வளர்ப்பு அறை தயார். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று எதிர்க்கரையிலிருந்து வந்து இங்கேயே தங்கப்போகிற அந்தக் குள்ளமான அதிகாரியிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது.

காலையில் சேர்ந்தே திருப்பினோம்.  

உள்ளே ஒன்றுமில்லை. காலிக் கூண்டுகள், ஈரம் காயாத பெயின்ட் வாசனை. ஆனாலும் இருவரும் வாசலிலேயே நின்றிருந்தோம்.