சிறுமலை ஓடையில் வெள்ளம் வந்த மாலை

காலையில் பேரன் சந்தையிலிருந்து ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கிவந்தான். கூடத்தில் வைத்த சிறிது நேரத்தில் வீடெங்கும் அந்த வாசனை. அன்று சிறுமலை ஓடைக்கு நாம் மூவரும் முதுகுப்பைகளில் அந்தப் பழத்தைத்தான் அடைத்துக்கொண்டு போனோம். உடனே உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நீ போய்விட்ட பிறகு, எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வழி தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நீ விளையாட்டு ஆசிரியை, சரோஜாவுக்குக் கணக்கு, எனக்குத் தமிழ். பட்டாளத்திலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்த பைகள் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் உனக்கு அந்த ஆசை வந்தது. சிறுமலை அடிவாரத்தில், இருபுறமும் பாறைச் சுவர் எழுந்து நிற்கும் வறண்ட ஓடைக்குள் நடந்து போய் ஓர் இரவு தங்கிவர வேண்டும். "ஆம்பளைங்க போறாங்கள்ல? நாம போனா பாறை வேணாம்னா சொல்லப்போகுது?" என்று கேட்டாய்.

என் அப்பாவிடம் இதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீயே பஸ் ஏறி, ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்தாய். அப்பா கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாய்.

"தொணைக்கு யாரும்மா வாரா?"

"மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொணைதாங்கய்யா. ஒங்க மகளக் கொண்டாந்து வீட்டுல விடுறது எம் பொறுப்பு."

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உன்னைப் பார்த்தார். பிறகு, "சரி, போயிட்டு வாங்க" என்றார். ஒரே பேச்சில் அவர் எதற்கும் சம்மதித்து நான் கண்டதில்லை.

கோடை விடுமுறை. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. கனமான பையை நீ எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாய். போகப் போகப் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன; வானம் தலைக்கு மேலே ஒரு வேட்டி அகலத்துக்குச் சுருங்கியது. சரோஜா வழியெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் அவளும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

வெயில் தாழ்ந்தபோது ஒரு வளைவில் மெத்தைபோல மணல் கிடந்தது. "இங்கனயே படுக்கையப் போடுவோம்" என்றாய். ஜமுக்காளத்தை விரித்தோம். மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தோம். மலை உச்சிப் பக்கம் எங்கேயோ இடி உருண்டது. நமக்கு மேலே வானம் தெளிவாகத்தான் இருந்தது. பாறை ஓரமாக மெல்லிய நீர்க்கோடு ஒன்று சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. நீ அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய்.

"நான் சொன்ன எடம் தப்பு. எந்திரிங்க, மேல ஏறணும்."

"சோறு வேகுதுடி. செத்த நேரம் இரு" என்றாள் சரோஜா.

"சோறு கெடக்கட்டும். ஏறு."

தன் வாயால் சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கப்பட்டு, தப்பென்று தெரிந்தும் அதிலேயே நின்றவர்களைப் பிற்காலத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். உனக்கு அந்த வெட்கம் ஒரு கணமும் இருக்கவில்லை.

பாறைத் திட்டில் ஏறி நின்ற பிறகுதான் சரோஜா அடுப்புப் புகைக்காகக் கழற்றிவைத்த தன் மூக்குக்கண்ணாடியைக் கீழேயே விட்டுவந்தது தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு நாலடிக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். நாம் தடுப்பதற்குள் இறங்கிவிட்டாள். அதே நேரம் வளைவுக்கு அப்பாலிருந்து லாரி வருவதுபோல ஓர் இரைச்சல். செந்நிறத் தண்ணீர் மரக்கிளைகளோடு புரண்டு வந்து, அடுப்பையும் படுக்கையையும் வாரிக்கொண்டு போனது. சரோஜா நடுவிலிருந்த ஒரு பாறையில் தொற்றி ஏறிவிட்டாள். தண்ணீர் அவள் காலைத் தொட்டது.

நீ உன் சேலையை அவிழ்த்தாய். "ஒன்னோடதையும் குடு" என்றாய். நம் இரண்டு சின்னாளபட்டிச் சேலைகளையும் முறுக்கி முடிச்சுப் போட்டு, முனையில் ஒரு கல்லைக் கட்டி வீசினாய். முதல் தடவை அவளுக்கு எட்டாமல் தண்ணீர் அதை ஒரு பக்கமாக அடித்துத் தள்ளியது. மறுபடி வீசியதில் அவள் கைக்குக் கிடைத்தது.

"இடுப்புல கட்டிக்கிட்டுக் குதி, சரோஜா!"

"எனக்குக் கண்ணு தெரியலடி!"

"கண்ணு வேணாம். எஞ் சத்தத்தக் கேட்டு வா!"

அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் குதித்தாள். பாறையில் காலை உதைத்துக்கொண்டு நீ இழுக்க, உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் இழுத்தேன். அவளை மேலே கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பாறையைக் காணவில்லை.

ஈரச் சேலைகளைச் சுற்றிக்கொண்டு மூவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "இன்னமும் இருக்கு" என்றாய்.

விடிந்ததும் தண்ணீர் வடிந்துவிட்டது. அடிவாரத்து ஊரில் பெண்கள் மாற்றுச் சேலையும் சூடான கஞ்சியும் கொடுத்தார்கள். "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்த வேல?" என்றார் ஊர்க்காரர் ஒருவர். "வெள்ளத்துக்கு ஆம்பள பொம்பள தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டு, நீ கஞ்சியைக் குடித்தாய். அவரே சிரித்துவிட்டார்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று உன்னிடம் கெஞ்சினேன். "வேற யாராச்சும் சொல்லி அவரு கேக்கக்கூடாது" என்று நேரே அப்பாவிடம் போனாய். ஒன்றையும் மறைக்கவில்லை. "படுக்கிற எடத்தத் தப்பாப் பாத்தது நாந்தாங்கய்யா" என்றாய்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உனக்கு இலை போடச் சொன்னார். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த வருசம் போறதா இருந்தா, நம்ம கெணத்து வடக்கயித்த எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனோம். சரோஜாவும் வந்தாள், கண்ணாடியை நூலால் கழுத்தில் கட்டிக்கொண்டு.

பல வருடம் கழித்து நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது, பிள்ளைகளைப் பழனிக்கு அழைத்துப் போனேன். மலைக்கோயிலில் மழை பிடித்துக்கொண்டது; விடும் வரை காத்திருக்கலாம் என்று மற்ற ஆசிரியைகள் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் இறங்கச் சொன்னேன். படியில் வழுக்கி ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, வீட்டுக்கு யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்றார்கள். நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிலக்கோட்டைக்குப் போனேன். மல்லிகைப் பூவை மூட்டை கட்டிக்கொண்டிருந்த அவள் அப்பாவிடம், இறங்கச் சொன்னது நான்தான் என்றேன். தெருவே கேட்கும்படி அவர் திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றிருந்தேன். அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுவாரம் அந்தப் பிள்ளையை அவரே பள்ளிக்கு அழைத்து வந்தார்.

நிலக்கோட்டையிலிருந்து திரும்பும்போதுகூட உன்னை நான் நினைக்கவில்லை. தப்பை நானே நேரில் போய்ச் சொல்வது என் சுபாவம் என்றே நினைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டேன். உன்னைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான், எங்கிருந்து எடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தது.