நாம் இடித்த அடுப்பு

அடியே,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நினைவு அட்டை கொடுத்தார்கள். உன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘பொறுமையின் சிகரம்’ என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பார்த்துப் பொறுமை என்கிறார்கள்? கடப்பாரையைத் தூக்கியவளையா? இலையில்கூட உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். உன் பெண் வாசல்வரை ஓடிவந்து, “ஏன் ஆன்ட்டி, என்ன ஆச்சு?” என்றாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? உன்னிடமே சொல்கிறேன், கேள்.

தொண்ணூறுகளில் நம் தெரு இளைஞர் மன்றத்தில் பெண்கள் என்று நாம் இரண்டு பேர்தான். தசரா பொருட்காட்சியில் மன்றத்துக்கு ஸ்டால் கிடைத்ததும் பையன்கள் தெர்மகோலில் அணை கட்டப் போனார்கள். நீ புகையில்லா அடுப்பு என்றாய். உன் அம்மா விறகடுப்புமுன் இருமி இருமி ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது. உன் அப்பா மில்லிலிருந்து வந்து, “நாலு பேரு பாராட்டினா அடுத்த வருஷம் காலேஜ்ல பி.யு.சி. சேர்த்துடறேன். இல்லேன்னா ஊதுபத்தி கம்பெனிதான்” என்று சொல்லிவிட்டார். அதற்குப்பின் உனக்கு அது வெறும் அடுப்பாகவா இருக்கும்?

ஏரி மண்ணும் உமியும் சாணியும் மிதித்துப் பிசைந்து கட்டினோம். முதலில் கட்டியது வெடித்தது. அடுத்ததில் புகை குழாய்க்குள் போகாமல் நம் முகத்திலேயே அடித்தது. நான் விட்டுவிடலாம் என்றேன். “மண்ணு ஒரு தடவ சொன்னா கேக்காதுடி. திரும்பக் கட்டு” என்றாய். கடைசியில் கட்டியதில் புகை ஒழுங்காகக் குழாய் வழியே போனது. நாம் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து திட்டினார்.

அதே மாதிரி ஒன்றை ஸ்டாலிலும் கட்டிவைத்தோம். திறப்பு விழா அன்று காலையில் போய்ப் பார்த்தால், அடுப்பு பளபளவென்று சிவப்பாக நிற்கிறது! மன்றச் செயலாளர் ராத்திரியே ஆள் வைத்து எனாமல் பெயின்ட் அடித்திருந்தார். “மண்ணு மண்ணா இருந்தா அசிங்கமா இருக்கும்மா, பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க” என்றார். நடுவர்கள் வந்ததும் அவரே பெருமையாகத் தீ மூட்டினார். பெயின்ட் கொப்பளித்து, கருகி, கரும்புகை ஸ்டாலை நிறைத்தது. “ஹொகெ இல்லத ஒலெ அந்தெ!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். புகையில்லாத அடுப்பாம்! எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் நடுவர்களிடம், சின்னப் பெண்கள், விவரம் போதாது என்று கன்னடத்தில் சமாளித்தார்.

எனக்கு அழுகை வந்தது. நீ அழவில்லை. “எங்க அடுப்பு மேல யாரைக் கேட்டு சார் கை வச்சீங்க?” என்று நீ போட்ட சத்தத்தில் அணைக்கட்டுப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். பந்தல்காரரிடம் கடப்பாரை வாங்கி அங்கேயே அடுப்பை இடித்தாய். பொருட்காட்சி வாரக்கணக்கில் நடக்கும் என்ற தைரியம் உனக்கு. மறுநாளே மண் கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவில் கட்ட ஆரம்பித்தோம். அணையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் அப்போது வாயில்லாப் பூச்சி. யாராவது பேர் கேட்டால்கூட உன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். குண்டலுபேட்டைக்கார அம்மா ஒருவர், இதில் பருத்திமார்க் குச்சி எரியுமா என்று கேட்டார். நீ என்னை முன்னால் தள்ளினாய். “வாயில என்ன கொழுக்கட்டையா? நீ கட்டினதுதானே, நீயே சொல்லு.” பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னேன். அந்த அம்மா திரும்பப் போய் ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூட்டிவந்து, மறுபடியும் என்னையே சொல்லச் சொன்னார்.

உன் அப்பாவும் வந்தார். ஈரம் காய்ந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எம் பொண்ணு கட்டினது” என்று மார்தட்டினார். நீ என்னைக் கிள்ளினாய். பி.யு.சி. உறுதி என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

ஜூன் வந்தது. காலேஜ் விண்ணப்பம் வாங்க உன்னைக் கூப்பிட வந்தேன். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “படிச்சு என்ன கிழிக்கப் போற? கம்பெனில ஆள் கேக்கறாங்க, நாளைக்கே போயிடு” என்றார். இதோ கத்தப் போகிறாய் என்று உன் முகத்தையே பார்த்தேன். நீ குனிந்து அவர் தட்டில் ரசம் ஊற்றினாய். “சரிப்பா” என்றாய்.

அந்த அட்டையில் இருப்பது முழுப் பொய் என்று என்னால் சண்டை போட முடியவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். மண் அடுப்புக்காகக் கடப்பாரை தூக்கினாயே, உனக்காக ஒரு வார்த்தை பேச என்னடி கேடு? முப்பது வருஷமாக உன்னிடம் இதைக் கேட்க வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினேன். இப்போது கேட்டால் பதில் சொல்ல நீ இல்லை.

நான் நர்ஸாகி, இன்று ஆஸ்பத்திரியில் சத்தக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தச் சத்தம் அந்த ஸ்டாலில் நீ முதுகில் கைவைத்துத் தள்ளியபோது வந்தது. செய்த வேலைக்குப் பாராட்டு வேறொருவருக்குப் போய், தப்பு மட்டும் தன் தலையில் விழும்போது, எங்கள் வார்டில் நர்ஸாக இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்து “சரி சார்” என்கிறாள். எனக்குக் காதில் விழுவது உன் “சரிப்பா”தான். அப்புறம் நான் போடுகிற கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள்.