மச்சானின் முதுகு

நவம்பர் 4, செவ்வாய்

மழை. வங்காள விரிகுடாவே கிளம்பி முதலியார்பேட்டைக்குக் குடிவந்துவிட்டது. தெருவில் கப்பல் விடலாம். கடைவாய்ப் பல் வலி.

ஞாயிறு மச்சானுக்குக் காரியம். பாக்கி: பந்தல், சமையல் ஆள், அஞ்சலி பேனர். பேனருக்கு மச்சான் படத்தை அவர் மகள் கயலே வரையட்டும் என்று வீட்டு மகாசபை தீர்மானம். என் அக்கா மகள். சரித்திரம், இலக்கியம், ஓவியம் மூன்றையும் ஒரே கல்லூரியில் கலக்கிக் குடிப்பவள். பாண்டிச்சேரியிலேயே இவள்தான் ஓவியர் என்று நூறு கல்யாணத்தில் முழங்கியவன் நான்.

கேட்டேன். "பாக்கறேன் மாமா."

அப்பா போனதிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. திங்கள் அங்கே கண்காட்சி. அதற்குத்தான் மதிப்பெண். படம் மாட்டாவிட்டால் வருஷம் போச்சு.

நவம்பர் 6, வியாழன்

தூறல். பல் உயிரை வாங்குகிறது.

வரைந்துவிட்டாள். கரிக்கோலில். மொபெட்டில் உட்கார்ந்த மச்சானின் முதுகு. வியர்வையில் ஒட்டிய சட்டை, இறங்கிய இடது தோள், பின்கழுத்துச் சுருக்கம்.

மச்சானின் அண்ணன்: "ஏம்மா, மூஞ்சி எங்க?"

"மூஞ்சி வரமாட்டேங்குது பெரிப்பா. தெனம் காலேஜுக்கு வண்டியில பின்னாடி உக்காந்து போனேன். இதான் தெரியுது."

"மூணு வருசம் படிச்சி முதுகுதான் வந்துச்சா?"

"பாரிஸ்ல முதுகுக்குத்தான் முதல் பரிசு" என்று எடுத்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கயல் தாளைச் சுருட்டினாள்.

"இனிமே காலேஜுக்குப் போகல மாமா."

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். காரியம் முடிந்தது. பேனரில் ஆதார் அட்டைப் படம். திருட்டுக் கேசில் பிடிபட்டவர் போல முழிக்கிறார் மச்சான். உட்கார்ந்தால் அண்டா வடையைக் காலி செய்கிற நான், ஒன்றோடு எழுந்தேன். பல்.

பந்தல் பிரித்த பிறகு, பீரோ மேலிருந்த தாளை எடுத்து விரித்தேன். அக்கா வந்து நின்றாள். படத்துச் சட்டையில் அக்குளுக்குக் கீழே தையல் விட்ட இடத்தில் விரல் வைத்தாள்.

"தெக்கிறேன், கழட்டிக் குடுன்னு சொல்லிகிட்டே இருந்தேன்."

"தொடாதம்மா, கரி கலைஞ்சிடும்" என்றாள் கயல் வாசலிலிருந்து.

அக்கா விரலைப் பார்த்தாள். துடைக்கவில்லை.

"நாளைக்கிப் போ. மாமன் கொண்டாந்து உடுவான்."

நவம்பர் 10, திங்கள்

மழை இல்லை. மச்சானின் மொபெட். உதைத்து உதைத்துக் கால் கழன்றது, பிறகுதான் உயிர் வந்தது. கயல் பின்னால். பாலிதீன் சுற்றிய தாள் மடியில். இந்த வண்டியில் சந்திர மண்டலத்துக்கே போகலாம் என்று ஆரம்பித்தேன்.

"மாமா."

"என்னம்மா?"

"ஒனக்கு காதுக்குப் பின்னாடி ஒரு தழும்பு இருக்கு."

இருக்கும். யாரும் சொன்னதில்லை. திரும்பவில்லை. ஆடாமல் ஓட்டினேன்.