தரையில் படாத குதிகால்

என்னங்க,

நேரில் கேட்டால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓவிய வகுப்பில் இப்போது ஆட்களை வேகமாக வரையப் பழகுகிறோம். முகம் வேண்டாம், உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். ரப்பர் தொடவே கூடாது. வீட்டில் யாரையாவது வரைந்து வரச் சொன்னார்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்களை இரண்டு முறை வரைந்தேன்.

முதல் படத்தைப் பார்த்ததும் டீச்சர் கேட்டார். "இவர் எங்க கிளம்பறார்?"

"எங்கயும் இல்ல மேடம். என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தார்."

"அப்படியா? குதிகால் தரையிலயே படலயே. பாதி எழுந்துட்ட மாதிரி இருக்கார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, பால்கனியில் நின்று போனில் பேசினீர்களே, "ஆபீஸ் விஷயம்" என்று கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் படம். டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது நல்லா வந்திருக்கு. குதிகால் ரெண்டும் தரையில நல்லா பதிஞ்சிருக்கு. இதுலதான் மனுஷன் நிம்மதியா வீட்டுல இருக்கார்."

இன்று சாயங்காலம் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். நான் குனிந்து உங்கள் காலை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி