வீரய்யா பந்து போடும் கல்லூரி

1954 பெப்ரவரி 9

கண்டிக் கல்லூரி விண்ணப்பம் இன்னும் தகரப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. மாதா கோயில் சாமியார் அலைந்து திரிந்து வாங்கி வந்தது. விடுதியில் இடமும் பேசி வைத்துவிட்டார். இந்த மாதக் கடைசிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய தோட்டத்துப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

எனக்கு வேண்டியது யாழ்ப்பாணத்துக் கல்லூரி. காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். அங்கே வீரய்யா பந்து போடுகிறான்.

அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கிளாக்கர் ஐயா படித்துப் போட்ட பேப்பர் மறுநாள் எங்கள் லயத்து வீட்டுக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு முன் அதில் அந்தக் கல்லூரிக் கிரிக்கெட் அணியின் பட்டியலைப் பார்த்தேன். கனகசபை, செல்வத்துரை, பொன்னுத்துரை என்று போகிற வரிசையில் தோட்டத்துப் பேராக ஒரு வீரய்யா! ஐவி சின்னம்மா கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டவள். "எங்க பக்கத்து லயத்து மாயாண்டி மகன்டா" என்றாள். மிஷன்காரர்கள் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார்களாம். அன்றிலிருந்து அந்த அணி தோற்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. போன வருஷம் அவர்களைத் தோற்கடித்தது இதே கண்டிக் கல்லூரி. அங்கே போய் நான் யாருக்குக் கைதட்டுவது?

பெப்ரவரி 12

வீரய்யா ஆறு விக்கெட். யாழ்ப்பாணத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

பெப்ரவரி 21

பூசை முடிந்ததும் சாமியார் கேட்டார். "கண்டிக்கு அனுப்பிட்டியா அலோசியஸ்?"

"அனுப்பிட்டேன் சாமி."

பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கு காய்வதற்குள் பொய். இரண்டுக்கும் போட்டால் என்ன? போட்டால் கண்டிதான். சாமியார் பேசி வைத்த இடத்தை அப்பா விடவே மாட்டார்.

பெப்ரவரி 28

அனுப்பவில்லை.

மார்ச் 6

யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது. இடம் உண்டு, மே மாதம் வரச் சொல்கிறார்கள். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரத்தில் அப்பா ஸ்டோரிலிருந்து வந்தார். முகமெல்லாம் தேயிலைத் தூள், கண் சிவந்திருந்தது. சாமியார் கண்டிக்குப் போனபோது விசாரித்திருக்கிறார். என் விண்ணப்பமே வரவில்லையாம். இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"எதுக்குடா இப்புடிச் செஞ்ச?"

சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்து, "பந்து போடுறவனப் பாத்துப் பள்ளிக்கூடம் தேடியிருக்கான் றோசலின், ஒன் மகன்" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். இதற்கு நாலு அடி அடித்திருக்கலாம்.

மார்ச் 11

வீரய்யா அணி இங்கே எங்கள் அட்டனுக்கே ஆட வருகிறது, சனிக்கிழமை! அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "போயிப் பாரு. ஒங்கப்பாதான் பாக்கல, அவனாச்சும் ஒன் மூஞ்சியப் பாக்குறானான்னு பாப்போம்" என்றாள்.

மார்ச் 13

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

பனிமூட்டம் விலகியதும் ஆட்டம் தொடங்கியது. வீரய்யா ஒரு ஓவர் போடுவான், அடுத்த ஓவருக்கு எல்லைக் கோட்டுக்கு வந்து நிற்பான், சரியாக எனக்கு முன்னால். என் பக்கத்தில் பழைய கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். தலையில் துண்டு, கையில் சின்ன மூட்டை. வீரய்யா ஓடினால் அவர் கழுத்தும் கூடவே போகும். கை மட்டும் தட்டவில்லை.

"நீங்க எந்தப் பக்கமுங்க?"

"சும்மா பாக்க வந்தேன் தம்பி. கந்தப்பளையிலருந்து."

விளங்கிவிட்டது. "மாயாண்டி மாமாதானே? வீரய்யா அண்ணனோட அப்பா!"

பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "மெதுவா பேசுங்க தம்பி. கூட்டாளிங்க இருக்காங்க, அவன் சங்கடப்படுவான்."

பகல் சாப்பாட்டுக்கு அணி கூடாரத்துக்குப் போனது. வீரய்யா எங்களைக் கடந்துதான் போனான். குனிந்த தலை நிமிரவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூட்டையை அவிழ்த்தார். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். மகனுக்குக் கொண்டு வந்தது. "நீங்க சாப்புடுங்க தம்பி" என்று என் கையில் வைத்தார். ஒரு நாள் பேரும் கூலியும் போனாலும் போகட்டும் என்று வேலைக்குப் போகாமல் வந்த மனுஷன்! எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ரொட்டியைத் தின்றும் தொலைத்தேன்.

வீரய்யா மறுபடி வந்து நின்றான். எங்களுக்கு முதுகு. கத்திவிட்டேன். "கந்தப்பளை வீரய்யா! ஒங்கப்பா வந்திருக்காங்க, திரும்பிப் பாரு!"

திரும்பினான். என்னை மட்டும் பார்த்தான். "நீர் ஆர்? எனக்கு உம்மைத் தெரியாது."

அவனுக்கு அந்தப் பக்கம் நின்ற அவன் அணிக்காரன் ஒருவன் சிரித்தான். "தகப்பனுக்குக் கண்டியிலை கடையெண்டெல்லோ சொன்னனீ! தோட்டக்காட்டானோ நீ?"

அதற்குப் பிறகு வீரய்யா போட்ட பந்தெல்லாம் எங்கெங்கோ போனது. தோற்றார்கள். திரும்பினால் பெரியவர் இல்லை. பஸ் நிலையம் வரை ஓடினேன். அங்கேயும் இல்லை.

என்ன வேல செஞ்சிட்டேன் நான்? யாரைக் கேட்டுக் கத்தினேன்? பெத்தவரே காலையிலருந்து வாய மூடிக்கிட்டு நின்னாரே, எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?

மார்ச் 15

"யாப்பாணம் போறியா, ஸ்டோர்ல ஒன் பேரப் பதியச் சொல்லவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்கிறார் அப்பா.

கண்டி போயே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் வீரய்யா இருக்கிறான். இத்தனை நாளும் அங்கே போக அதுதான் காரணம். இப்போது பயமும் அதுதான்.

ஏப்ரல் 2

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிக்கப் போகிறேன் என்று. அப்பா "ம்" என்றார். ஸ்டோரில் இருந்து பழைய சாக்கு ஒன்று கொண்டு வந்து என் பெட்டிக்கு உறை தைக்கிறார்.

மே 5, யாழ்ப்பாணம்

என்ன வெயில்! அம்மா கட்டிக் கொடுத்த கம்பளியைப் பார்த்து விடுதியே சிரித்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள். "அட்டன். தோட்டம்" என்றேன். சாப்பாட்டு மேசையின் மறுகோடியில் வீரய்யா இருந்தான். என்னைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டால் என்ன நடக்குமோ.

மே 9

சாயங்காலம் குளிக்கக் கிணற்றடியில் தனியாக நின்றேன். வீரய்யா வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன், ஓடவும் இடமில்லை. என் கையிலிருந்த வாளியை வாங்கித் தானே தண்ணீர் இறைத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கேட்டான், ஐவி சின்னம்மா பேசுகிற அதே பேச்சில்.

"அன்னைக்கு எங்கப்பா சாப்ட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "ஒங்களுக்குக் கொண்டாந்த ரொட்டிய எனக்குக் குடுத்திட்டாங்கண்ணே. நான்தான் தின்னேன்."

வாளியை மறுபடி கிணற்றில் இறக்கி இழுத்தான்.

"சம்பல் வச்சிருந்தாங்களா?"

"கட்டச்சம்பல்ணே."

வாளித் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டான். குளிக்க வந்தவன் நான்.