மூச்சின் முனையில் ஒரு விசில்

மெல்போர்ன்
3 மே 2016

அன்புள்ள டெஸ்மண்ட் அண்ணனுக்கு,

தம்பி கிளிஃப்டன் எழுதுவது. வடக்கே நம் கடற்கரையில் செல்போன் கோபுரத்தின் மேல் இடி விழுந்து மூன்று மாதமாகிறது. அதனால் தபால் விமானத்தை நம்பி எழுதுகிறேன். நீங்களும் லோர்னா அண்ணியும் நலம்தானே? நண்டு கிடைக்கிறதா?

போன முறை நீங்கள் ஊதிய யிடாக்கி மரக்குழலைப் பதிவு செய்து வந்தேன் அல்லவா? இங்கே எல்லோருக்கும் அது டிஜெரிடூ. அதன் அடியில் எலெக்ட்ரானிக் தாளத்தைப் போட்டு நடன அரங்கில் ஆடவிட்டேன். ஜனம் வெறி பிடித்து ஆடுகிறது. ஊர் ரேடியோவில் போடுகிறார்களே, கேட்டீர்களா?

ஒரு சந்தேகம். உங்கள் மூச்சு முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு விசில் வருகிறது. அந்த இடத்துக்காகவே காத்திருந்து கையைத் தூக்குகிறார்கள். அதை எப்படி ஊதினீர்கள்? நானும் முயன்று பார்த்தேன், எச்சில்தான் வந்தது.

அன்புத் தம்பி,
கிளிஃப்டன்

*

19 மே

தம்பி கிளிஃப்டனுக்கு,

நலம். நண்டு உண்டு. நீதான் இல்லை.

உன் பாட்டைக் கேட்டேன். ஆறு நிமிடம் ஒரே மூச்சு! "யாருடா இவன், மூச்சே இழுக்க மாட்டேங்குறான், மீனா இவன்?" என்று லோர்னாவிடம் கேட்டேன். "நீங்கதான்" என்றாள். நான் மூச்சு இழுக்கிற இடத்தை எல்லாம் வெட்டி எறிந்திருக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

அந்த விசிலை நான் ஊதவில்லை. மரத்தில் கரையான் விட்டுப்போன ஓட்டையோ என்று தடவிப் பார்த்தேன், இல்லை. "கொசு" என்கிறாள் லோர்னா. நாய் என்கிறான் பக்கத்து வீட்டுக்காரன். எனக்கும் இப்போது தூக்கம் வரவில்லை, உன்னால். செவ்வாய்க்கிழமை நர்ஸ் வருவாள். அவளிடம் நல்ல ஹெட்போன் இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன்.

அண்ணன்,
டெஸ்மண்ட்

*

மெல்போர்ன்
14 ஜூன்

வீட்டில் உள்ள எல்லோருக்கும்,

யார் பெயரையும் எழுதாமல் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக இணையத்தில் கேட்கிறேன், ஊர் ரேடியோவில் நம் பாட்டு வரவில்லை. டார்வினில் உள்ள நிலையத்துக்குப் போன் செய்தேன். "வீட்டுக்காரங்க நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றாள் அந்தப் பெண். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம்மில் யார் கேட்போம்? இறந்து போனவரின் பெயரைச் சொல்லக் கூடாது, அவர் குரலையும் ஊதலையும் மூடி வைக்க வேண்டும் என்ற நம் வழக்கம் தெரியாதவனா நான்?

பதிவை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டேன். சனிக்கிழமை நடக்க இருந்த பெரிய ஆட்டத்தை ரத்து செய்தேன். எங்கள் மேடை விளக்குக்காரனுக்கும் அவருடைய பெயர்தான். அவனை "ஏப்பா" என்றுதான் கூப்பிடுகிறேன். கோபம் என்று நினைத்து அவன் தினமும் காபி வாங்கித் தருகிறான்.

மூச்சு இழுக்கிற இடத்தை வெட்டியது தப்பு. அதை அவரிடம் சொல்லாமல் போய்விட்டேன். அண்ணி, சடங்கு என்றைக்கு? வரலாமா நான்?

கிளிஃப்டன்

*

30 ஜூன்

அட தம்பி,

உன் கடிதத்தை லோர்னா உரக்கப் படித்தாள். நண்டு சுட்டுக்கொண்டிருந்த நான் பாதியில் கையைச் சுட்டுக்கொண்டேன். என் சாவுக்கு நானே அழுதேன், போ.

நர்ஸ் உன் பாட்டை இரண்டு தரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து என் முதுகில் வைத்தாள். "விசில் குழாயில இல்ல, உங்க நெஞ்சில இருக்கு" என்றாள். அன்றைக்கே விமானத்தில் ஏற்றி டார்வினுக்கு அனுப்பிவிட்டாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர்; உன் கடிதம் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

போவதற்கு முன்னால் ரேடியோவில் நிறுத்தச் சொன்னது நான்தான். என் நோய் ஊர் முழுக்கப் பாடுவது வெட்கமாக இருந்தது. நிறுத்தினால் நீ என்ன நினைப்பாய் என்று யோசிக்கவில்லை. அது என் தப்பு.

அழித்தது நல்லது. ஆகஸ்ட் வரை ஊதக் கூடாதாம். ஆகஸ்டில் பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா. இந்த முறை விசில் இருக்காது, உன் ஜனம் எதற்குக் கையைத் தூக்கும் என்று தெரியவில்லை. நான் மூச்சு இழுப்பேன். அதை வெட்டாதே. அது வருகிற இடத்தில் தூக்கட்டும்.

முதலில் அந்த விளக்குக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

உன் அண்ணன்,
டெஸ்மண்ட்