காணாமல் போனவரின் தீர்ப்பு

கூஃபாவின் பெரிய சட்ட அறிஞருக்கு, சலாம்.

நபிமொழிகளான ஹதீஸ் தேடித் தொலைதூர மெர்வு நகருக்குப் போனவர் ஒருவழியாகத் திரும்பிவிட்டீர்களாம். "எம் பொண்டாட்டி எங்கே?" என்று தெருவில் நின்று கத்தினீர்களாம். சந்தோஷம்.

வருடக்கணக்கில் உங்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லாததால் தீர்ப்பு கேட்டு நம் ஊர் காஜியிடம் போனேன். உங்கள் மாணவர்தான்.

"அவர் இருக்காரா செத்தாரான்னே தெரியல. என்னை விடுவிச்சிடுங்க."

"அதெப்படிம்மா? அவர் வயசுக்காரங்க எல்லாரும் சாகுற வரைக்கும் நீங்க காத்திருக்கணும். உங்க வீட்டுக்காரர் சொன்ன தீர்ப்பாச்சே!"

"மதீனா சட்டத்துல நாலு வருஷம் காத்திருந்தா போதுமாமே?"

"அப்ப மதீனாவுக்கே போங்க" என்று சிரித்தார்.

வந்துவிட்டேன். இங்கே நாலு வருடம் காத்திருந்தேன், மறுமணத்துக்கு முன் விதவை இருக்கவேண்டிய இத்தாவும் இருந்தேன். இப்போது தோல் பதனிடுகிற ஒருவரின் மனைவி. அவருக்கு ஒரு ஹதீஸும் முழுதாகத் தெரியாது. ஆனால் கிணற்றடிக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மதீனாக்காரர்களின் சட்டம் செல்லாது என்பீர்கள். சரி, உங்கள் சட்டப்படியே நான் இன்னும் உங்கள் மனைவி என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போயிருக்கிறேன், அவ்வளவுதான். என் வயதுப் பெண்கள் எல்லாரும் சாகும்வரை காத்திருங்கள். அந்தத் தீர்ப்பு ஆண்களுக்குக் கிடையாது என்பீர்கள். ஒரு தடவை காத்திருந்துதான் பாருங்களேன்.

இப்படிக்கு,
சொல்லிவிட்டுப் போகிறவள்